இரண்டு யா

அஹ்வாஸ்
9 ஜூலை 2007

இப்திசாம்,

போன்ல நீ அழுத. நான் வச்சுட்டேன். இங்க அழறதுக்கு ஆள் நிறைய இருக்கு, தெஹ்ரான்லேர்ந்து வேற வரவழைக்கணுமா? அதனால எழுதறேன். எழுதினா நீ குறுக்க பேச முடியாது.

நம்மளைப் பெத்தவ, யும்மா, இன்னும் கண்ணைத் திறக்கல. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கத்தான் விடுறாங்க. உதடு, கண் இமை எல்லாம் வீங்கி, யாரோ வேற பொம்பளைய கொண்டுவந்து படுக்க வச்ச மாதிரி இருக்கு. கையில பச்சை குத்தியிருக்கிறதைப் பாத்துத்தான் நம்ம யும்மான்னு நம்பினேன்.

நடந்ததை முழுசா கேட்டுக்கோ. நௌரூஸ் புத்தாண்டு லீவுல அவளுக்குத் தொண்டை புண்ணாகி, பெரிய ஆஸ்பத்திரியில பென்சிலின் ஊசி போட்டாங்க. போட்ட உடனே மூச்சு முட்டி, உடம்பெல்லாம் தடிச்சு, செத்துப் பிழைச்சா. அன்னிக்கு இருந்த டாக்டர் நல்ல மனுஷன். கீழ பதிவு மேஜையில நம்ம தெருப் பொண்ணு சுஆத் உக்காந்திருந்தா. அவகிட்ட சொல்லி கம்ப்யூட்டர்ல ஏத்த வச்சார். என் கண்ணு முன்னாடி அடிச்சா. சலீமா சய்யாஹி. பென்சிலின் ஆகாது. டாக்டர் என்கிட்ட மரியாதையா, "கானும், இனிமே கவலைப்படாதீங்க. இந்த ஆஸ்பத்திரியில யார் இந்தப் பேரைத் திறந்தாலும் சிவப்பு எழுத்துல எச்சரிக்கை வரும்"னு சொன்னார். அன்னிக்கு உனக்கு போன் பண்ணேன். நீ என்ன சொன்ன? "அந்த சிவப்பு எழுத்து எங்க கம்பெனி செஞ்சது அக்கா"ன்னு சொன்ன. நானும் சந்தையில எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன், என் தங்கச்சி கம்பெனின்னு.

போன வாரம் யும்மா காலுல ஈச்ச முள்ளு ஏறிடுச்சு. சொல்லாம வச்சிருந்தா. கால் வீங்கி, ஜுரம் ஏறி, பேத்த ஆரம்பிச்சதும் தூக்கிக்கிட்டு ஓடினேன். அடையாள அட்டை வீட்டுலயே கிடந்துச்சு. பேரைச் சொன்னேன். மாடியில அவசரப் பிரிவுல புது கம்ப்யூட்டர் வச்சிருக்கான். அங்க இருந்தவன் அடிச்சான். "இந்தப் பேர்ல யாரும் வந்ததே இல்ல"ன்னான். "வந்திருக்கா, நல்லா பாரு"ன்னேன். மறுபடி அடிச்சான். இல்ல. அதுக்குள்ள சின்ன டாக்டர் ஒருத்தர் என் கையில சீட்டைக் குடுத்து, "ஊசிக்குழாய் இங்க தீந்துபோச்சு, எதிர்க்கடையில வாங்கிட்டு ஓடி வாங்க"ன்னார். ஓடினேன்.

நான் போன நேரத்துல அவர் யும்மாகிட்ட பார்சியில கேட்டிருக்கார், எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு. யும்மாவுக்கு நம்ம அரபியைத் தவிர என்னைக்கு பார்சி தெரிஞ்சுது? "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு சொல்லியிருக்கா. அவளை யார் என்ன கேட்டாலும் கடவுளுக்கு நன்றின்னுதானே சொல்லுவா! அவர் ஊசியைப் போட்டுட்டார்.

நான் திரும்பி வந்தப்போ நாலு பேர் அவ நெஞ்சை அமுக்கிக்கிட்டிருந்தாங்க.

இப்போ ஆஸ்பத்திரிக்காரன் சொல்றான், "முன்னாடியே ஒவ்வாமை இருந்துச்சுன்னு நீங்க இப்போதான் சொல்றீங்க. கம்ப்யூட்டர்ல இல்லையே." என்னைப் பொய்க்காரின்னு சொல்றான். ஒண்ணு நான் பொய்க்காரி, இல்ல உன் கம்பெனி மிஷின் பொய் சொல்லுது. எதுன்னு நீயே சொல்லு.

நீ வந்து கண்ணாடிக்கு வெளிய நிக்க வேண்டாம். பதில் அனுப்பு.

மக்கிய்யா

*

தெஹ்ரான்
17 ஜூலை 2007

அக்கா,

தினமும் மூன்று முறை போன் செய்கிறேன். நீ எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான் யும்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்கிறேன். இது உனக்கு நியாயமாக இருக்கிறதா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நோயாளிகளின் பதிவை எழுதியது நான் இல்லை. நான் மருந்து இருப்புக் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். அந்த அறையே வேறு. ஆனாலும் உன் கடிதம் வந்த அன்றே, யாரிடமும் கேட்காமல், உங்கள் ஆஸ்பத்திரியின் பதிவைத் திறந்து பார்த்தேன். யும்மா அதில் இருக்கிறாள். பெயர், நாள், பென்சிலின் ஆகாது என்ற வரி, எல்லாம் இருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை. சுஆதும் சரியாகத்தான் அடித்திருக்கிறாள்.

பிறகு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பாய். சொல்கிறேன், கோபத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படி.

கம்ப்யூட்டருக்கு எழுத்தின் உருவம் தெரியாது, அக்கா. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்தான். நம்முடைய அரபி 'யா' எழுத்துக்கு எண் 1610. பார்சிக்காரர்களின் யேவுக்கு 1740. சொல்லின் நடுவில் வந்தால் இரண்டும் பல் போல ஒரே சின்ன மேடு, கீழே அதே இரண்டு புள்ளி. கடைசியில் வந்தால்தான் நம்முடையதற்குப் புள்ளி உண்டு, அவர்களுடையதற்கு இல்லை. ஆனால் எங்கள் கம்பெனி பயன்படுத்தும் எழுத்து வடிவம் அந்தக் கடைசிப் புள்ளிகளையும் மறைத்துவிடும். ஆகவே திரையில் பார்க்கிறவன் கண்ணுக்கு சலீமா சய்யாஹி என்பது ஒரே பெயர். மிஷினுக்கு அது இரண்டு பெயர், இரண்டு மனுஷி.

யும்மாவை 1610-இல் சேர்த்தார்கள். 1740-இல் தேடினார்கள். அவ்வளவுதான்.

இது புதிய விஷயமில்லை. போன வருஷம் மருந்துப் பெயர்களிலும் இதே கோளாறு வந்தது. கூட்டத்தில் எழுந்து சொன்னேன். தேடும்போது இரண்டு யாவையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சில வரி எழுதினால் போதும் என்றேன். எங்கள் மேலாளர் வொசூகி சிரித்தார். "உங்க ஊர்ப் பிரச்சினையை இங்க இழுத்துட்டு வராதீங்க. இது பார்சி மென்பொருள், இங்க அரபி எழுத்து எப்படி வரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பகுதியில் மட்டும் நானே சரிசெய்துகொண்டேன். மற்ற அறைகளைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

நேற்று யும்மாவின் பதிவை அவர் முன்னால் வைத்தேன். சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார்.

இப்போது நான் கேட்கிறேன். பார்சி தெரியாத, ஜுரத்தில் பிதற்றுகிற கிழவியைத் தனியாக விட்டுவிட்டு நீ ஏன் கடைக்கு ஓடினாய்? வேறு யாரையாவது அனுப்பியிருக்கக் கூடாதா? அட்டையை ஏன் எடுத்துப்போகவில்லை? உன் வாயில் இருந்த ஒரு சொல் அங்கே இருந்திருந்தால் எந்த யாவும் தேவைப்பட்டிருக்காது.

யும்மாவைப் பற்றி ஒரு வரி எழுது.

இப்திசாம்

*

அஹ்வாஸ்
25 ஜூலை 2007

ஏன் ஓடினன்னு கேக்கிறியா?

டாக்டர் ஓடச் சொன்னார், ஓடினேன்டி. ஊசிக்குழாய் இல்லாத ஆஸ்பத்திரியில நான் ஓடலன்னா யார் ஓடுவா? நீயா? பதினொரு வருஷமா யும்மாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணி மோந்து குடுத்ததில்ல. ஈத் அன்னிக்கு போன்ல "எப்படி இருக்க யும்மா"ன்னு கேட்டுட்டு, அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள வச்சுடுவ. நீ என்னைக் கேக்கிற கேள்வியா அது? உன் கடுதாசியை ரெண்டாக் கிழிச்சேன். அப்புறம் யா பத்தி எழுதின பாதி வேணும்னு ஒட்ட வச்சேன். கீழ்ப் பாதி குப்பையில கிடக்கு.

யும்மாவைப் பத்தி ஒரு வரி: கண்ணைத் திறந்துட்டா. வலது கை அசையல. பேச்சு வரல. மூச்சு நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போகலையாம். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அஞ்சு வரி ஆயிடுச்சு, வச்சுக்கோ.

இப்போ புதுசா ஒண்ணு கேளு. நேத்து சுஆதை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. "பதிவு செய்யும்போது பார்சி எழுத்துக்குப் பதிலா அரபி எழுத்துல அடிச்சிருக்க, அதனாலதான் நோயாளிக்கு ஆபத்து வந்துச்சு"ன்னு கடுதாசி குடுத்திருக்காங்க. உன் வொசூகி உங்க கம்பெனி பேர்ல எழுதி அனுப்பினதாம். அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து நிக்குது. "மக்கிய்யா அக்கா, நான் எந்த அரபி எழுத்தையும் தேடி அடிக்கல, மேஜையில இருந்த கீபோர்டு சாவியைத்தான் அமுக்கினேன்"னு அழுவுது. அவ சம்பளத்துலதான் அவ வீடு ஓடுது, உனக்குத் தெரியும்.

ஆக, யும்மாவைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது நம்ம எழுத்து! நம்ம யா! மிஷின் நல்லது, கம்பெனி நல்லது, டாக்டர் நல்லவர், கீழ ரெண்டு புள்ளி வச்ச நம்ம யாதான் கொலைகாரி. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல அந்த ரெண்டு புள்ளிக்காக வாத்தியார் உன் விரல்ல ஸ்கேலால அடிச்சது ஞாபகம் இருக்கா? இப்போ அதே அடியை சுஆத் வாங்குறா. அடிக்கிறவன் பக்கத்துல நீ நாற்காலி போட்டு உக்காந்திருக்க.

நான் புகார் குடுத்திருக்கேன். விசாரணைக் குழு கூடுது. நீ எனக்கு எழுதின அந்த யா விஷயத்தை, தெளிவா, பார்சியில, உன் கம்பெனி பேரு, உன் வேலை எல்லாம் போட்டு, கையெழுத்து வச்சு அனுப்பு. அழுகை வேண்டாம். கையெழுத்து வேணும்.

மக்கிய்யா

*

தெஹ்ரான்
6 ஆகஸ்ட் 2007

அக்கா,

கையெழுத்து போட மாட்டேன்.

கிழிப்பதற்கு முன் மீதியையும் படி. நான் அந்தப் பதிவை அனுமதி இல்லாமல் திறந்தேன். அதை எழுதிக் கையெழுத்து வைத்தால், வேலை போவது மட்டுமில்லை, நோயாளி ரகசியத்தைத் திருடினாள் என்று என் மீதே வழக்குப் போடுவார்கள். பெஹ்னாமும் கணவன் என்ற அக்கறையில் அப்படித்தான் சொல்கிறார். "உன் அக்கா கோபத்துல இருக்காங்க, நீ புத்தியோட இரு" என்கிறார். எனக்கு அவர் மீதும் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொல்வது தப்பில்லை.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளில், வொசூகி இரண்டு பேரை வரவழைத்து, உங்கள் ஆஸ்பத்திரிப் பதிவு முழுவதிலும் இருந்த 1610 எல்லாவற்றையும் 1740 ஆக மாற்றிவிட்டார். ஒரே கட்டளை. நம் ஊரில் பிறந்தவன், செத்தவன், பிள்ளை பெற்றவள், எல்லோர் பெயரிலும் இருந்த நம் யா ஒரே மதியத்தில் போய்விட்டது. இப்போது சலீமா சய்யாஹி என்று மாடியில் யார் தேடினாலும் யும்மா பளிச்சென்று வருவாள், சிவப்பு எழுத்தோடு. அன்றைக்கு வராதவள் இன்றைக்கு வருவாள். குழு வந்து தேடிப் பார்த்தால், "பதிவு எப்போதும் இங்கேதான் இருக்கிறது, தேடியவன் சரியாகத் தேடவில்லை" என்று சொல்லிவிடலாம். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு?

நீ வாத்தியாரின் ஸ்கேலை ஞாபகப்படுத்துகிறாய். அடி வாங்கியது என் விரல். உன் விரல் இல்லை. நீ பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு யும்மாவோடு சந்தைக்குப் போய்விட்டாய். நான் உட்கார்ந்து அடி வாங்கி, அவர்கள் எழுத்தைக் கற்று, அவர்கள் ஊருக்கு வந்து, அவர்கள் நடுவில் ஒரு நாற்காலி பிடித்திருக்கிறேன். அந்த நாற்காலியைப் பற்றி நீ இளக்காரமாகப் பேசாதே.

யும்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வருவார். அவரையும் திருப்பி அனுப்பிவிடாதே.

இப்திசாம்

*

அஹ்வாஸ்
23 ஆகஸ்ட் 2007

இப்திசாம்,

நானும் சுஆதும் குழு முன்னாடி போனோம். நடுவுல உக்காந்திருந்தவர் பேரு தவக்கொலி. வெளியூர். கெட்டவர் மாதிரி தெரியல, அதுதான் இன்னும் எரிச்சல். மாடியில இருந்த புது கம்ப்யூட்டர்ல யும்மா பேரை அடிக்கச் சொன்னார். நீ சொன்ன மாதிரியே பளிச்சுனு வந்துச்சு. "கானும், இதோ இருக்கே"ன்னார். நான் ரெண்டு யா இருக்குன்னு சொன்னேன். அவர் ஒரு காகிதத்துல யே எழுதி, பக்கத்துல இன்னொண்ணு எழுதி, என் பக்கம் திருப்பி, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா? எது உங்க யா, எது எங்க யா, காட்டுங்க"ன்னார். உன் வொசூகி கர்ச்சீப்பால வாயை மூடிக்கிட்டான். சிரிப்பு.

எனக்கு எண்ணெல்லாம் வாயில வரல. ஆயிரத்து அறுநூறுன்னு ஆரம்பிச்சேன், குழம்பிப் போச்சு. அப்புறம் கத்தினேன். என்ன கத்தினேன்னு கேக்காத. அடுத்த தடவை நான் உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு.

அடுத்த விசாரணை நோன்பு மாசத்துல, செப்டம்பர் பதினேழாம் தேதி. சுஆத் தனியாப் போவா. சொல்லத் தெரிஞ்சவ ஒருத்திதான் இருக்கா, அவ நாற்காலியில பத்திரமா இருக்கட்டும்.

நீ அனுப்பின ஆள் வர்றார். யும்மா அவர் சட்டையை இடது கையால பிடிச்சு இழுக்கிறா. அது பயிற்சியா சண்டையான்னு தெரியல.

எனக்கு இனிமே எழுதாத. வீட்டுப் பக்கமும் வராத.

ம.

*

தெஹ்ரான்
21 செப்டம்பர் 2007

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வீட்டுப் பக்கம் வராதே என்றாய். வரவில்லை, ஓட்டலில் தங்கினேன். அஹ்வாஸில் பிறந்தவள் அஹ்வாஸில் ஓட்டலில் அறை கேட்டபோது, வரவேற்பில் இருந்தவர் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். அறைச் சாவிக்குக் கையை நீட்டினேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். அபாயா மேலங்கியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாய். அவ்வளவு பேர் நடுவில். சரி. உள்ளே என்ன நடந்தது என்று சுஆத் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் பயத்தில் பாதியைக் கேட்டிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன்.

என்னைப் பார்த்ததும் வொசூகி எழுந்துவிட்டார். "இவங்க எங்க ஊழியர். இங்க வர அனுமதி இல்ல" என்றார். "நான் கம்பெனி சார்பா வரல. அந்த நோயாளியோட மகளா வந்திருக்கேன்" என்றேன். தவக்கொலி உட்காரச் சொன்னார்.

பழைய பதிவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதை அவர்கள் அழித்துவிட்டார்கள், அதைப் பேசினால் திருடி என்பார்கள். ஆனால் வழியெல்லாம் ரயிலில் ஒன்று மட்டும் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. சுஆத் சொன்னது. தேடி அடிக்கவில்லை, மேஜையில் இருந்த சாவியைத்தான் அமுக்கினேன் என்றாளே. வொசூகி சேமித்து வைத்திருந்ததை மாற்றினார். கீழே இருக்கிற பழைய கம்ப்யூட்டரை யார் மாற்றினார்கள்? யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"ஐயா, எல்லாரும் கீழ பதிவு மேஜை வரைக்கும் வர முடியுமா?" என்று கேட்டேன்.

"நோன்பு வச்சிருக்கேன் கானும். படி ஏறி இறங்கணுமா?"

"ஒரே ஒரு தடவை."

முனகிக்கொண்டே வந்தார். சுஆத் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். "புது நோயாளி வந்தா எப்படிச் சேப்பாங்களோ அப்படி உங்க பேரைச் சேருங்க. நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே அடிங்க" என்றேன். மொர்தஸா தவக்கொலி என்று அடித்தார். உச்சரிப்பு எப்படி இருந்தாலும், எழுதும்போது இரண்டு சொல்லும் யேயில் முடிகிற பெயர்.

"எது ஒத்துக்காது?"

"கத்தரிக்காய். நிஜமாவே ஒத்துக்காது. சாப்பிட்டா நாக்கு தடிச்சிடும்."

"அதையும் போடுங்க."

போட்டார். சேமித்தார். பிறகு மாடிக்கு, யும்மாவைக் கிடத்தியிருந்த அவசரப் பிரிவுக்குப் போனோம். மூச்சு வாங்கியது அவருக்கு. புதிய கம்ப்யூட்டரில் அவரே தன் பெயரைத் தேடினார்.

இந்தப் பெயரில் யாரும் இல்லை.

மறுபடி அடித்தார். இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சாவியாக ஒரே விரலால் அமுக்கினார். இல்லை.

"நான் இல்லைங்குதே!" என்றார்.

வொசூகி முன்னால் வந்தார். "ஐயா, கீழ அரபி எழுத்துல அடிச்சா இப்படித்தான் ஆகும். அதைத்தான் நாங்க முதல்லேர்ந்து சொல்றோம்" என்றார். அவருக்குப் பழக்கமாகிவிட்ட வாக்கியம், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

தவக்கொலி அவரை நிமிர்ந்து பார்த்தார். "கீழ அடிச்சது நான்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். கீழே இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் பார்சி விசைப்பலகைதான் போட்டிருக்கிறது. சாவியின் மேல் பார்சி யேதான் அச்சிட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பழைய அமைப்பு அந்தச் சாவிக்கு அரபி யாவின் எண்ணை அனுப்புகிறது. புதியது பார்சி எண்ணை அனுப்புகிறது. அமுக்குகிறவள் அரபியா, பார்சியா, இஸ்ஃபஹான்காரியா என்பது சாவிக்குத் தெரியாது. எண்ணை மாற்றுவது மிஷின். இரண்டையும் ஒன்று என்று தேடலுக்குச் சொல்லித்தராதது எங்கள் கம்பெனி. இதைப் போன வருஷமே கூட்டத்தில் சொன்னேன், என் ஊர்ப் பிரச்சினை என்று இந்த ஆள் சிரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன் அக்கா. கடைசியில் என்னையறியாமல் அரபியில் ஏதோ சொல்லிவிட்டேன். சுஆத் வாயைப் பொத்திக்கொண்டாள், அதனால் அது நல்ல சொல்லாக இருந்திருக்காது.

நான் வெளியே வந்தபோது நீ அந்தப் பெஞ்சில் இல்லை.

மறுநாள் தெஹ்ரானில் என் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெஹ்னாம் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "அந்தக் கத்தரிக்காய்க் கதையை மறுபடி சொல்லு" என்றார்.

நீ சுவரைப் பார்த்துத் திரும்பியதை நான் மறக்கப் போவதில்லை.

இப்திசாம்

*

அஹ்வாஸ்
24 அக்டோபர் 2007

இப்திசாம்,

நான் சுவர்ப் பக்கம் திரும்பினது எதுக்குன்னு உனக்கு எழுதணும்னு அவசியம் இல்ல. பதினொரு வருஷம் கழிச்சு நீ அந்த நடைபாதையில, யும்மா நடக்கிற மாதிரியே ஒரு தோளைச் சாச்சுக்கிட்டு நடந்து வந்த. அவ இனிமே அப்படி நடக்க மாட்டா. அந்த ஆளுங்க முன்னாடி நான் அழணுமா? நான் பெஞ்சுல இல்லாததும் கோபத்துல இல்ல. யும்மாவைப் பாத்துக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கிளம்பணும்னு ஆள் அனுப்பினா. ஓடிட்டேன். நான்தான் ஓடுறவளாச்சே.

தீர்ப்பு வந்துடுச்சு. படிச்சதும் ரத்தம் கொதிக்குது. மென்பொருள்ல குறை இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு யாவையும் ஒண்ணாத் தேடணும்னு உத்தரவு போட்டிருக்காங்க. அதைப் படிச்சப்போ சுஆத் கை தட்டினா. அடுத்த வரியில, "பதிவு செய்த ஊழியரின் கவனக்குறைவும் பாதிக் காரணம்"னு இருக்கு. பாதி! எந்தப் பாதி? அந்த தவக்கொலி தன் கையாலயே அடிச்சுப் பாத்தாரே, அவர் கவனக்குறைவும் அதுல சேத்தியா? குழுவுல மத்த ரெண்டு பேர் அப்படித்தான் எழுதணும்னு சொன்னாங்களாம், அவர் மட்டும் கையெழுத்து போட மாட்டேன்னு தனியா எழுதி வச்சிருக்காராம். சுஆத் சொன்னா.

அவளுக்கு வேலையைத் திருப்பித் தர்றாங்களாம். ஆனா "நான் தவறான எழுத்தைப் பயன்படுத்தினேன், இனி செய்ய மாட்டேன்"னு எழுதிக் குடுக்கணுமாம். என்ன செஞ்சான்னு நினைக்கிற? அந்தக் காகிதத்துல தன் பேரை மட்டும் எழுதி, "இதுல யாவே இல்ல, பாத்துக்கோங்க"ன்னு மேஜையில வச்சுட்டு வந்துட்டா. இப்போ என் கடையில அபாயா மடிக்கிறா. நல்லா மடிக்கல. பரவாயில்ல.

நான் மேல்முறையீடு பண்ணப் போறேன். அந்தப் பாதியை எடுக்கிற வரைக்கும் விட மாட்டேன். பிடிக்கலன்னாலும் சொல்லியாகணும், உன்னை விட்டா அதைச் சொல்லத் தெரிஞ்சவ யாரும் இல்ல. உனக்கு இப்போ வேலையும் இல்ல, நாற்காலியும் இல்ல. ரயில் ஏறு. பெஹ்னாம் வந்தா வரட்டும், மீன் சாப்பிடுவாராமா? மறுபடி ஓட்டல்ல போய்த் தங்கினா அப்புறம் என் முகத்துல முழிக்காத. இந்த ஊர்ல உனக்கு அறை குடுக்கறதுக்கு அந்த ஓட்டல்காரன் யாரு?

நீ என்னைக் கேட்ட கேள்வியை நான் மன்னிக்கல. இதையும் எழுதி வைக்கிறேன். நேர்ல வந்தா அதுக்கும் சண்டை போடுவேன்.

யும்மாவுக்கு ஈத் அன்னிக்குப் பேச்சு கொஞ்சம் வந்துச்சு. வாய் கோணிக்கிட்டுத்தான் வருது, ஆனா வருது. முதல்ல தண்ணின்னா. அப்புறம் என்னைப் பாத்து "இப்திசாம்"னா. நான் மக்கிய்யா யும்மான்னேன். தலையை ஆட்டினா. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி இப்திசாம். சோறு ஊட்டினா இப்திசாம், தலை சீவினா இப்திசாம், கால் அமுக்கினா இப்திசாம். ஒண்ணு ரெண்டு நாள் திருத்திப் பாத்தேன். இப்போ திருத்தறதில்ல. அவ கூப்பிடுறா, நான் "என்ன யும்மா"ங்கறேன். கோபம் கோபமா வருது. ராத்திரி பகல் பாக்காம செய்யறவ நானு, வாங்கறது உன் பேரு.

நாள் முழுக்க உன் பேருக்கு நான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்டி. எனக்கு அலுத்துப்போச்சு. வந்து நீயே சொல்லு.

மக்கிய்யா